திருப்பி அனுப்பாதீங்க, திருகிப் பாருங்க

புதுசா வாங்கின பொருள் எதுவா இருந்தாலும் பெட்டியைப் பிரிச்ச நிமிஷமே குறையில்லாம வேலை செய்யணும். செய்யலையா, திருப்பி அனுப்பு, ஒத்தை நட்சத்திரம் போடு, நாலு வரி திட்டி எழுது. நகரத்து நண்பர்கள்கிட்ட இந்தப் பழக்கம் காய்ச்சல் மாதிரி பரவிக் கெடக்குது. செல்போனுக்கும் மிக்சிக்கும் இது சரியா இருக்கலாம். மரத்துக்கு ஆகாது. மரத்துல செஞ்சு கம்பி இழுத்துக் கட்டின வாத்தியத்துக்கு ஆகவே ஆகாது.

எங்க நெய்க்காரப்பட்டிப் பக்கம் புதுத் தோசைக்கல் வாங்கினா அன்னைக்கே தோசை வரும்னு யாரும் மாவைக் கரைச்சு வச்சுக்கிட்டு உட்கார மாட்டாங்க. எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்ச்சு, ரெண்டு மூணு நாள் பழக்கணும். புது மண்சட்டியில கஞ்சித்தண்ணி ஊத்தி வைக்கணும். புது அம்மியில முதல்ல தவிட்டை அரைச்சுக் கொட்டுவாங்க, அப்புறம்தான் மிளகாய். பல லட்சம் போட்டு வாங்குற டிராக்டருக்கே 50 மணி நேரம் ஓடினதும் முதல் சர்வீஸ்னு கம்பெனிக்காரனே எழுதிக் குடுக்குறான். பொருளை வாங்குறது ஒரு வேலை, அதை வேலைக்கு ஆக்குறது இன்னொரு வேலை. ரெண்டாவதை நீங்க மறந்துட்டீங்கங்கிறதுதான் என் சண்டை.

விஷயத்துக்கு வர்றேன். என் அக்கா மகன் பேஸ் கிடார் வாசிக்கிறவன். பழனி, உடுமலை, ஒட்டன்சத்திரம் சுத்துப்பட்டு நோம்பிகளுக்குப் போற ஒரு ஆர்கெஸ்ட்ராவுல இருக்கான். "கிராமத்துல பேஸ் கிடாரா?"ன்னு புருவத்தைத் தூக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் என்ன மெட்ரோ நகரமா? அவர் பாட்டுகள்ல சசிதரன் வாசிச்ச பேஸைக் கேட்டு வளராத டீக்கடை பெஞ்சு இந்தப் பக்கம் ஒண்ணுகூடக் கிடையாது. அதுக்குப் பேரு பேஸுன்னு தெரியாம இருந்திருக்கலாம், ஆனா அது இல்லைன்னா பாட்டு வெறுங்கூடா நிக்கும்னு எல்லார் காதுக்கும் தெரியும்.

இப்போ ஆர்கெஸ்ட்ராக்களுக்குப் பஞ்சம். கீபோர்டுலயே இடது கையால பேஸ் போட்டுக்கலாம், தனி ஆளுக்கு எதுக்குச் சம்பளம்னு ஒவ்வொரு வருஷமும் பேச்சு வருது. இவன் பழைய கிடார் கழுத்து முறிஞ்சு போச்சு. மக்காச்சோளம் வித்த காசுல பெரும்பங்கை எடுத்து, ஆன்லைன்ல ஒரு செமி ஹாலோ பேஸ் வாங்கினான். கம்பெனிப் பேரு வேண்டாம். மாசிக் கடைசியில வந்து இறங்குச்சு. பங்குனி நோம்பிக்குப் பன்னெண்டு நாள்தான் பாக்கி. அந்த மேடையில பேஸ் இல்லாம ஒருதரம் கீபோர்டு சமாளிச்சுட்டா, இவன் இடம் போனதுதான்.

செமி ஹாலோன்னா என்னன்னு கொஞ்சம் சொல்லிடறேன். சாதாரண பேஸ் கிடார் ஒரே கட்டை மரம். முழு ஹாலோன்னா உள்ளே முழுக்கக் கூடு, பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி கையில பார்த்த வயலின் வடிவ ஹோஃப்னர் மாதிரி. அது 1956-ல வந்தது. செமி ஹாலோ ரெண்டுக்கும் நடுவுல: ரெண்டு பக்கமும் கூடு, நடுவுல தலைமாடு கால்மாடா ஒரு மரக்கட்டை ஓடும், மேல் பலகையில வயலினுக்கு இருக்கிற மாதிரி எஃப் வடிவத் துளை. 1958-ல கிப்சன் கம்பெனி ஈபி-2ன்னு இப்படி ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. நடுக்கட்டை இருக்கிறதால ஸ்பீக்கர் பக்கம் போனா ஊளையிடறது குறையும், கூடு இருக்கிறதால சத்தத்துல ஒரு உருண்டைத்தனம் வரும்.

வந்த கிடார் எப்படி இருந்துச்சு? முதல் அஞ்சு கட்டத்துல எந்தக் கம்பியை அழுத்தினாலும் வண்டு மாதிரி இரைச்சல். ஒன்பதாவது கட்டத்துல ஒரு இடம் மட்டும் தனியா 'டர்ர்'ருன்னுச்சு. மேல போகப் போகச் சுருதி ஏறிப்போகுது. ஃப்ரெட் கம்பிகளோட ஓரம் உள்ளங்கையைக் கீறுது. ஜாக் ஆடுது. ஆம்ப்ல போட்டா மோட்டார் ரூம் மாதிரி உறுமல்.

இவன் வீடியோ எடுத்துச் சென்னை, பெங்களூரு நண்பர்களுக்கு அனுப்பினான். ஆறு பேர் பதில் போட்டாங்க. ஆறு பேரும் ஒரே வார்த்தை: ரிட்டர்ன். ஒருத்தர்கூட "கழுத்தை ஒரு கண்ணால பார்த்தியா?"ன்னு கேக்கலை. அதுல ரெண்டு பேர் கிடார் வாசிக்கிறவங்க! "டிஃபெக்டிவ் பீஸ் ப்ரோ, அவனுங்க தலையில கட்டு"ன்னு ஒரு அறிவுரை வேற. அனுப்பியிருந்தா என்ன ஆயிருக்கும்? அதே கழுத்து இன்னொரு தரம் லாரியில குலுங்கிப் போகும். மாத்தி வர்ற கிடாரும் அதே மாதிரிப் பெட்டியில, அதே மாதிரி யாரும் சரிபண்ணாம வரும். பங்குனி நோம்பி அதுக்குள்ள முடிஞ்சு பந்தல்காரன் மூங்கிலைப் பிரிச்சிருப்பான்.

இவன் என்கிட்ட வந்து, "மாமா, திருப்பி அனுப்பிடலாங்களா?"ன்னான். "பொறு கண்ணு, என்ன நோவுன்னு பார்த்துட்டு அனுப்பலாம்"னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா மரம் தெரியும், இரும்பு தெரியும், இழுத்துக் கட்டின கம்பி எப்படி நடந்துக்கும்னு வேலி போட்டவனுக்குத் தெரியும்.

ஒரு பேஸ் கிடார்ல நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை 60-லிருந்து 80 கிலோ வரைக்கும் இழுக்குது. ஒரு சிமென்ட் மூட்டைக்கு மேல. அந்த இழுப்பைத் தாங்கி நிக்கத்தான் கழுத்துக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி. தலைப்பக்கம் சின்ன மூடியைக் கழட்டினா அதைத் திருகுற முனை தெரியும். அளவு பார்க்கிறது சுலபம். கம்பியை முதல் கட்டத்துலயும் உடம்பை ஒட்டின கட்டத்துலயும் அழுத்திப் பிடிச்சா, நடுவுல ஏழெட்டாவது கட்டத்துல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடைவெளி இருக்கணும், 0.3 மில்லிமீட்டர் சுமார். இந்தக் கிடார்ல துளி இடைவெளி இல்லை. கழுத்து விறைச்சு நின்னுச்சு. எங்கியோ ஈரக்காத்துல செஞ்ச மரம், எங்க மாசி மாச வறட்சிக்கு வந்து சேர்ந்திருக்கு. வறண்டா கழுத்து பெரும்பாலும் பின்னாடி சாயும், ஈரம் ஏறினா முன்னாடி வளையும். ஃப்ரெட் ஓரம் கையைக் கீறினதும் இதே கதைதான், மரம் சுருங்கிடுச்சு, உலோகம் சுருங்கலை, முனை வெளிய நீட்டிக்கிச்சு. இதுல "டிஃபெக்ட்" எங்க இருக்குது? மரம் உயிரோட இருந்தப்போ செஞ்சதையேதான் செஞ்சிருக்கு.

கடிகாரம் சுத்துற திசைக்கு எதிரா கால் திருகு. அவ்வளவுதான். திருகிட்டு ஒரு ராத்திரி விடணும். மரத்துக்கு யோசிக்க நேரம் குடுக்கணும், அவசரப்பட்டு முழுத் திருகு போட்டா உள்ள இருக்கிற ராடு போயிரும். மறுநாள் இன்னொரு அரைக்கால். முதல் அஞ்சு கட்ட இரைச்சல் போயே போச்சு. ஆறு பேர் 'ரிட்டர்ன்'னு சொன்ன குறையில பாதிக்கு வைத்தியம் பத்து ரூபா அலன் கீ.

அடுத்தது கம்பி உயரம். பன்னெண்டாவது கட்டத்துல தடிச்ச ஈ கம்பி இரண்டரை மில்லிமீட்டர், மெலிஞ்ச ஜி கம்பி ரெண்டு மில்லிமீட்டர்னு வச்சோம். அதுக்கப்புறம்தான் சுருதி. இந்த வரிசையை மாத்தக் கூடாது: கழுத்து, உயரம், சுருதி. கம்பியோட நட்ட நடுவுல, பன்னெண்டாவது கட்டத்துக்கு நேரா விரலை லேசாத் தொட்டு மீட்டினா ஒரு மணியோசை வரும். அதே இடத்தை அழுத்தி மீட்டினா வர்ற சத்தமும் அதுவும் ஒண்ணா இருக்கணும். அழுத்தினது ஏறிப்போச்சுன்னா, வீணைக்காரங்க குதிரைன்னு சொல்ற பிரிட்ஜுல அந்தக் கம்பி உட்காருற துண்டைப் பின்னாடி தள்ளணும். இறங்கிப்போச்சுன்னா முன்னாடி. அரை மணி நேர வேலை. செல்போன்ல சும்மா கிடைக்கிற ட்யூனர் போதும்.

ஒன்பதாவது கட்டத்து 'டர்ர்'தான் எங்க கைக்கு மீறினது. ஒரே ஒரு ஃப்ரெட் மயிரிழை உயரமா நின்னுச்சு. மூணு ஃப்ரெட் மேல படுற மாதிரி ஒரு இரும்பு ஸ்கேல் துண்டை வச்சு ஆட்டினா நடுவுல 'டிக் டிக்'குன்னு ஆடும், அப்படித்தான் கண்டுபிடிக்கணும். இதை ராவுறதுக்குக் கை வேணும்.

இங்கதான் எனக்குக் கோபம் ஏறுது. "அதுக்கெல்லாம் பெங்களூருல லூத்தியர் இருக்காங்க"ன்னு ஒரு நண்பர். திண்டுக்கல்லுல தலைமுறை தலைமுறையா அரம் பிடிச்ச கைகள் இருக்குதுங்க! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சப்போ நீங்க எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணீங்க. ஒவ்வொரு லீவரையும் கையாலேயே ராவி, ஒரு சாவி இன்னொரு பூட்டுக்குச் சேராம செய்யுற கைக்கு ஒரு ஃப்ரெட் எம்மாத்திரம்? அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்து அந்தத் தொழில் மெலிஞ்சுபோச்சு. மாங்காய்ப் பூட்டு செஞ்ச பெரியவர் ஒருத்தர் இப்போ சும்மா உட்கார்ந்திருக்கார். கிடாரை மடியில போட்டுக்கிட்டு அவர்கிட்ட பஸ்ல போனோம். வாழ்நாள்ல பேஸ் கிடாரைத் தொட்டதில்லை அவர். ஸ்கேலை வச்சு ஆட்டிக் காட்டினதும் ஒரே கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு எடுக்கணும், எங்க நிறுத்தணும், அதை மட்டும் சொல்லுங்க தம்பி." மரத்துல கீறல் விழாம ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, ஃப்ரெட் மேல மார்க்கர்ல கறுப்புத் தீட்டி, கறுப்பு போற அளவு மட்டும் ராவினார். மேல்முனை தட்டையாகாம திரும்ப உருட்டு வளைவு குடுத்தார். ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் போட்டு மினுக்கினார். அப்படியே நீட்டிக்கிட்டிருந்த ஓரங்களையும் மழுக்கிட்டார். ஒண்ணரை மணி நேரம். இரைச்சல் இல்லை.

என்ன கேட்டார் தெரியுமா? இருநூறு ரூபா. ஆயிரம் குடுத்ததுக்கு, "எதுக்குங்க இவ்வளவு"ன்னு கூச்சப்பட்டார். அவருக்கு அந்தக் கூச்சத்தை உண்டாக்கினது யாரு? ரிப்பேர்னா மலிவா இருக்கணும்னு நெனைக்கிற நாமதான். புதுசுக்கு முப்பதாயிரம் குடுப்போம், அதை வாத்தியமா ஆக்குற கைக்கு முன்னூறு குடுக்க முக்குவோம். கடைக்காரன் பில்லைப் பார்த்து பேரம் பேசாத வாய், சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட மட்டும் பேசும்.

இது கிடாருக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கங்க. பலா மரத்துல குடைஞ்சு எடுத்துட்டா வீணை ஆயிருமா? 24 மெட்டையும் கரி கலந்த தேன்மெழுகுல ஒவ்வொண்ணாக் காதால கேட்டுக் கேட்டு உட்கார வைக்கணும். மேளம் கட்டுறதுன்னு அதுக்குப் பேரு. அந்த மெழுகு வெயிலுக்கு இளகும், மெட்டு நகரும், திரும்பக் கட்டணும். காலத்துக்கும் கூட வர்ற வேலை அது. நாதஸ்வரக்காரர் சீவாளியை நாலஞ்சு தொங்கவிட்டிருக்கிறது அழகுக்கா? அன்னன்னைக்கு எது வாய்க்கு ஒத்துழைக்குதோ அதைச் செருகி, ஊசியால நெம்பிச் சரிபண்ணி வாசிப்பார். எங்க ஊர்ல தப்பட்டையை வெயிலு தணிஞ்ச நேரத்துல தீ மூட்டிக் காய்ச்சாம ஒரு அடிகூட அடிக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவையும் செட்டப்தான். அந்தக் காய்ச்சுற பக்குவத்தைக் கையில வச்சிருந்தவங்களை ஊருக்கு வெளியே நிறுத்தினோம், தோல் தொட்ட கைன்னு தள்ளி வச்சோம். இப்போ பறையை மேடையேத்திக் கைத்தட்டுற நகரத்துக்காரங்க, அதைக் காய்ச்சத் தெரிஞ்சவருக்கு என்ன கூலின்னு ஒருதரம் விசாரிச்சுப் பாருங்க.

மறுபடியும் கிடாருக்கே வர்றேன், ஏன்னா செமி ஹாலோவோட தனித் தொல்லை ஒண்ணு பாக்கி இருக்கு. கட்டை கிடார்ல வயரிங் பார்க்கணும்னா பின்னாடி மூடியைக் கழட்டலாம். இதுல பல மாடல்ல மூடியே கிடையாது. வால்யூம், டோன், ஜாக் எல்லாத்தையும் எஃப் துளை வழியாத்தான் வெளிய எடுத்து, அதே வழியா உள்ள விடணும், கன்னுக்குட்டியைத் திருப்பி வைக்கிற மாதிரி. ஜாக் ஆடுதுன்னு வெளிய இருக்கிற நட்டை மட்டும் இறுக்கினா உள்ள ஜாக்கும் சேர்ந்து சுத்தி, வயரை முறுக்கி அத்துப் போட்டுரும். எங்க கிடார்ல பாதி அத்து நின்னுச்சு. பத்தவச்சுட்டோம். உள்ள விடறதுக்கு என்ன பண்ணோம் தெரியுமா? சொட்டுநீர்ப் பாசனத்துக்கு இழுக்கிற மைக்ரோ டியூப் துண்டு! அதோட வெளிச்சுத்து 6 மில்லிமீட்டர், ஜாக் ஓட்டை கால் இஞ்சு. ஒரு சுத்து டேப் ஒட்டினா கச்சிதமாப் பிடிச்சுக்கும். வெளித் துளை வழியா டியூபை விட்டு, எஃப் துளை வழியா வெளிய எடுத்து, ஜாக்குல செருகி, மெல்ல இழுத்தா தானா வந்து உட்காருது. தென்னந்தோப்புல மிச்சம் கிடந்த துண்டு, காசு பூஜ்யம்.

உறுமல் மட்டும் நிக்கலை. கம்பியைத் தொட்டா குறையுது, விட்டா ஏறுது. தொட்டா குறைஞ்சா கிடாருக்குள்ள கம்பிக்கு எர்த் வயர் சரியா இருக்குன்னு அர்த்தம். அப்போ குறை வெளிய. சுவத்துல மூணு ஓட்டை பிளக்கு இருக்கு, மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒண்ணும் கிடையாது. பல வீடுகள்ல அது அலங்காரம்தான். வயர்மேனைக் கூப்பிட்டுக் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, தண்ணி ஊத்தி, ஒழுங்கா எர்த் கொண்டுவந்ததும் உறுமல் பேருக்கு நின்னுச்சு. இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. எர்த் இல்லாத ஆம்ப்ல கோளாறு வந்தா வாசிக்கிறவன் விரல் வழியாத்தான் கரண்ட் பாயும். "டிஃபெக்டிவ் பீஸ்"னு கிடாரைத் திருப்பி அனுப்பியிருந்தா அந்தச் செவுத்து ஓட்டை அப்படியேதான் இருந்திருக்கும், அடுத்த கிடாருக்காகக் காத்துக்கிட்டு.

அப்போ எதையுமே திருப்பி அனுப்பக் கூடாதா? அப்படிச் சொல்லலை. கழுத்து கயிறு மாதிரி முறுக்கியிருந்தா அனுப்புங்க. தலை சேர்ற இடத்துல விரிசல், பலகை ஓரம் பிரிஞ்சிருக்கு, ட்ரஸ் ராடு அசையவே மாட்டேங்குது இல்லை ஏற்கெனவே கடைசி வரைக்கும் இறுக்கியாச்சு, பிரிட்ஜ் பேர்ந்து வருது, இதெல்லாம் செஞ்சவன் தப்பு. ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, காசைக் கறாரா வாங்குங்க. மத்ததெல்லாம் செட்டப். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிற கண்ணுதான் நகரத்துல காணாமப் போச்சு.

விக்கிறவனை நான் சும்மா விடலை. அந்தக் காலத்துக் கடைக்காரன் வாத்தியத்தை வித்தா, உட்கார வச்சு, கம்பி பூட்டி, வாசிச்சுக் காட்டித்தான் கையில குடுப்பான். இப்போ அந்த வேலைக்கான கூலியை அறுத்துட்டு, பெட்டியில 'தரப் பரிசோதனை முடிந்தது'ன்னு ஒரு அட்டையைப் போடறான். எந்தத் திருகு எதுக்குன்னு ஒரு வரி இல்லை. அலன் கீகூட இல்லைங்க! நீங்க ரிட்டர்ன் பட்டனைத் தட்டத் தட்ட அவனுக்கும் அதுவே வசதி. செட்டப் பண்ணத் தெரிஞ்ச ஆளை வேலைக்கு வைக்கிறதைவிடக் கொரியருக்குக் காசு குடுக்கிறது லேசு.

மத்திய அரசோட நுகர்வோர் துறை 2022 டிசம்பர்ல பழுது பார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளம் ஆரம்பிச்சாங்க. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. விவசாயக் கருவியைச் சேர்த்ததுல எனக்குச் சந்தோஷம், பவர் டில்லர் ஸ்பேர் பார்ட்ஸுக்கு அலைஞ்சவனுக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனா உரிமையைக் குடுத்தாலும் அதைப் பயன்படுத்தக் கையில திருப்புளி எடுக்கணுமே. திருப்புளி பிடிக்கிறதைக் கேவலமாப் பார்க்கிற வீட்டுல அந்த உரிமை ரேஷன் கார்டு மாதிரி பீரோவுலதான் தூங்கும்.

நோம்பியில வாசிச்சான். பந்தல் மூலையில நின்னு கேட்டேன். 'ரிட்டர்ன்' சொன்ன ஆறு பேர்ல ஒருத்தர் வீடியோவைப் பார்த்துட்டு, "புது பீஸ் அனுப்பிட்டாங்களா ப்ரோ?"ன்னு கேட்டிருக்கார். திண்டுக்கல் பெரியவருக்கு அதுக்கப்புறம் ரெண்டு கிடார் வேலை கொண்டுபோய்க் குடுத்திருக்கான். ஐநூறுக்குக் குறைஞ்சு வாங்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கு. ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீச ஆரம்பிச்சா கழுத்து எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்கணும். அலன் கீயை மோட்டார் ரூம் ஆணியில மாட்டி வச்சிருக்கேன்.